சுத்தமா முடியாது

"சுத்தமா நடக்க முடியாதுங்க" என்று குணசீலன் முதல் தடவை சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சொன்னவன் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய், இப்போது நூற்றைம்பது அடி உயர ராட்டினக் கம்பத்தின் உச்சியில், மனைவி சுகந்திக்கும் மகள் நிரஞ்சனாவுக்கும் நடுவில், கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பத்துக்குக் கீழே, காளான் மாதிரி சிமெண்டில் செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்த குடையின் நிழலில், சக்கர நாற்காலியில் அவன் அக்கா மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மூன்று செல்போன், இரண்டு வாட்ச், சுகந்தியின் மூக்குக்கண்ணாடி, நிரஞ்சனாவின் ஹேர்கிளிப்பு, கார் சாவி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. சுத்தமா. அந்த ஒரு சொல்லை அரசியால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நடக்கக் கஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். ரொம்ப தூரம் நடக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. சுத்தமா என்றால் துடைத்து எடுத்த மாதிரி, கரும்பலகையை ஈரத்துணி போட்டு அழித்த மாதிரி, ஒரு கோடுகூட மிச்சமில்லாமல். நாற்பத்து மூன்று வருடம். ஆறு வயதில் முகாமில் கொடுத்த முதல் காலிப்பரிலிருந்து, போன வருடம் மாற்றிய இந்தக் காலிப்பர் வரைக்கும், இடது காலில் இரும்பையும் தோலையும் கட்டிக்கொண்டு அவள் நடந்த நடையெல்லாம் எங்கே போயிற்று. மேலே கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. இருக்கைகள் விழுந்தன, எல்லோரும் அலறினார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் இதைத்தான் பலகையில் வரைந்து சொல்லிக்கொடுத்தாள்: தடையில்லாமல் விழுகிறவனுக்கு விழுகிற நேரத்தில் எடை தெரியாது. குணாவுக்கு இந்த மூன்று விநாடி எடையே இல்லை. அவன் போனும் வாட்சும் சாவியும் என் மடியில் இருக்கிறது, அதுதான், என்று நினைத்தாள். நினைத்ததும் தன் கோபம் இவ்வளவு சின்னதா என்று இன்னொரு கோபம் வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் போன் செய்தபோது அவள் சந்தோஷப்பட்டாள், அதுதான் இப்போது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. "நிரஞ்சனா பத்தாவதுல நல்ல மார்க் எடுத்திருக்கா அக்கா, தீம் பார்க் போணும்னு ஒரே பிடிவாதம். உன்ன விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது. நீயும் வா" என்றான். நீயும் வா. எத்தனையோ திருமணத்துக்கு, எத்தனையோ கோயிலுக்கு, படிக்கட்டு அதிகம், கூட்டம் அதிகம், உனக்குத்தான் சிரமம் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டுப் போன குடும்பத்தில், முதல் தடவையாக ஒருத்தன் படியையும் கூட்டத்தையும் பற்றி ஒன்றும் பேசாமல் நீயும் வா என்கிறான். அவள் அரக்கோணத்தில் பஜார் தெருவுக்குப் போய் கருநீலத்தில் துணி எடுத்து, காலிப்பருக்கு மேல் வருகிற மாதிரி பேண்ட்டை அகலமாக வைத்துத் தைக்கச் சொன்னாள். டெய்லரிடம் எதற்கு என்றுகூடச் சொன்னாள். தம்பி வீட்டோடு வெளியே போகிறோம். காலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் கதவைத் திறந்து கைத்தடியை எடுத்தபோது குணா, "அது எதுக்கு, வண்டியிலயே கிடக்கட்டும். இங்க ஃப்ரீயா வீல்சேர் தராங்க, உள்ள ரொம்ப தூரம் அக்கா, நீ ஏன் கஷ்டப்படணும்" என்றான். அவளும் உட்கார்ந்தாள். யார் வற்புறுத்தியும் உட்காரவில்லை, தானாகத்தான் உட்கார்ந்தாள். முதல் ராட்டினத்தில், தண்டவாளம் தலைகீழாகச் சுற்றுகிற அந்தப் பெரிய ரயிலில், ஒரு மணி நேர வரிசையைத் தாண்டிப் பக்கவாட்டில் இருந்த சின்ன கேட்டுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனான். மஞ்சள் பனியன் போட்ட பெண் என்ன என்று கேட்டாள். "இவங்கள தனியா விட்டுட்டு ஒரு மணி நேரம் வரிசைல நிக்க முடியாதுங்க. சுத்தமா நடக்க முடியாதுங்க" என்றான். அந்தப் பெண் அரசியைப் பார்க்கவில்லை. நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தாள். "கூட வந்தவங்க நாலு பேர் வரைக்கும் போலாம் சார்." அவர்கள் மூன்று பேரும் உள்ளே போனார்கள். போகும்போது பொருட்களை ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தார்கள். பதற்றத்தில் சொல்லிவிட்டான், அவனுக்குப் பேசத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என்று அவள் அப்போது அவனுக்காகத் தனக்குள் வாதாடினாள். இரண்டாவதாக இந்தக் கம்பத்தின் கேட்டிலும் அதே வார்த்தை. அதே வரிசையில், அதே சுருதியில். வாதாட இப்போது ஒன்றும் இல்லை.

ஆனால் கோபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதை அவள் காலையிலிருந்து பார்க்காத மாதிரி இருந்தாள். நாற்காலி சுகமாக இருந்தது. நுழைவாயிலிலிருந்து உள்ளே இறங்குகிற சரிவில் குணா அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது, முகத்தில் காற்று பட்டது. வலது தோளில் எப்போதும் இருக்கிற வலி, கைத்தடியை ஊன்றி ஊன்றிச் சேர்ந்த வலி, யாரோ கையால் எடுத்துப் போட்ட மாதிரி நின்றது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தரையையே பார்த்துக்கொண்டு போகிறவள், அன்றைக்கு மரங்களைப் பார்த்தாள், விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த பொம்மைகளைப் பார்த்தாள். உடம்பு அப்பாடா என்றது. சௌகரியமாத்தான் இருக்குடா என்று வாயும் சொல்லிவிட்டது. உடம்புக்கு மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது போல. அந்த அப்பாடாவை அவள் கேட்காத மாதிரி இருக்கப் பார்த்தாள், ஏனென்றால் அந்தச் சுகத்தின் முடிவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம், அதை இப்போது யோசிக்க வேண்டாம். தை மாதம் குளியலறையில் விழுந்ததை யோசிக்க வேண்டாம். ஈரத்தரையில் வழுக்கவில்லை, தரை காய்ந்துதான் இருந்தது, வலது கால், நல்ல கால், நாற்பத்தொன்பது வருடமாக இரண்டு காலின் வேலையையும் செய்த கால், சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிற்று. வாளியைப் பிடித்து எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு ரயிலேறி நரம்பு டாக்டரிடம் போனது, அவர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தது, அந்த இரண்டாவது தட்டு. வேண்டாம். கோபம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டால் போதும், அது கெட்டியாக இருக்கிறது, கைத்தடி மாதிரி. சுத்தமா நடக்க முடியாதுங்க. யாரைப் பற்றிச் சொல்கிறான். எட்டாம் வகுப்பு அறை மாடியில் இருக்கிறது என்று வேறு ஆசிரியரைப் போடப் பார்த்த ஹெச்.எம்.மிடம், நாற்பது படி, நான் ஏறுவேன் சார் என்று சொல்லி ஏறியவளைப் பற்றியா. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பீரியட்கூட எடுக்காதவளைப் பற்றியா.

மடியில் ஒரு போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. அதுவாக வெளிச்சம் போட்டுக்கொண்டு கிடந்தது, குணாவின் போன், ராஜ்மோகன் ஆபீஸ் என்று பெயர். அடுத்தவர் போனைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் வீல்சேர் என்ற எழுத்து கண்ணில் பட்டது, கண் மீதியைத் தானாகப் படித்தது. வீல்சேர் ஐடியா ஒர்க் ஆச்சா, நாங்க போனப்ப எங்க மாமியார உக்கார வெச்சு ஒன்பது ரைடு முடிச்சோம், என்று இருந்தது. கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் மூன்று. வெளிச்சம் அணைந்தது. அவள் அணைந்த கண்ணாடியையே பார்த்தாள், அதில் சிவப்புக் காளானும் தன் மூக்கும் தெரிந்தன. ஐடியா. அப்படியென்றால் பதற்றம் இல்லை. பேசத் தெரியாமல் சொன்னது இல்லை. அலுவலகத்தில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். உன் வீட்டில் யாராவது நடக்க முடியாதவங்க இருக்காங்களா என்று அந்த ராஜ்மோகன் கேட்டிருப்பான். இவன் சாப்பிட்டுக்கொண்டே யோசித்திருப்பான். எங்க அக்கா இருக்கு என்று சொல்லியிருப்பான். பிறகு அன்று சாயங்காலமோ மறுநாளோ போனை எடுத்து, உன்ன விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது, நீயும் வா. கருநீலத் துணி. பஜார் தெரு டெய்லர். தம்பி வீட்டோடு வெளியே போகிறோம். அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரைக்கும் சூடாக ஒன்று ஏறியது, போலியோ வந்த காலிலும்கூட ஏறியது. போனைத் தூக்கி எறியலாம். நேராக எதிரே மீன் போட்டிருந்த செயற்கைக் குளத்துக்குள் போடலாம். சாவியையும் சேர்த்துப் போடலாம். போட்டால் என்ன ஆகும், சுகந்தி பதறுவாள், நிரஞ்சனா அழுவாள், குணா மன்னிப்புக் கேட்பான், பிறகு எல்லோரும் சேர்ந்து, பாவம், அத்தைக்கு இப்படி ஒரு வாழ்க்கை, அதான் கோபம் வருகிறது, என்று முடித்துவிடுவார்கள். அவளுக்கு வருகிற எந்தக் கோபத்தையும் அவர்கள் அந்தக் காலிப்பரிலேயே கொண்டுபோய்க் கட்டுவார்கள். காய்கறிக்காரனோடு சண்டை போட்டால்கூடக் கால்தான் காரணம்.

அவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சுகந்தியின் தலைமுடி அவிழ்ந்து முகமெல்லாம் இருந்தது, வயது பத்து குறைந்தது போல இருந்தாள். "அண்ணி, உயிரே போயிடுச்சு அண்ணி" என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நிரஞ்சனா, "அத்தை, அடுத்தது அந்த மரக்கட்டை போட். மேலருந்து தண்ணிக்குள்ள விழும். நனைஞ்சிடுவோம், அதனால இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். குணா நாற்காலியின் பிடியைப் பிடித்தான். வண்டி நகர்ந்தது. "போன் வந்துச்சா எனக்கு" என்று கேட்டான். "வந்துச்சு" என்றாள். "யாரு." "எடுத்துப் பாரு." அவன் எடுத்தான். பின்னாலிருந்து அவன் மூச்சு ஒரு கணம் நின்றதை அவள் கேட்டாள். வண்டி நிற்கவில்லை. படித்தாயா என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால், இந்த இடத்திலேயே நிறுத்தி முன்னால் வந்து முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் அன்றைக்கு அப்படிச் செய்திருக்க மாட்டாள். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், பிறகு நினைவு வந்தவனாக, நனைந்துவிடுமே என்று, எடுத்து மறுபடியும் அவள் மடியில் வைத்தான். திரைப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தான்.

மரக்கட்டைப் படகின் முன்னால் ஒரு பலகையில் காத்திருக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. இரும்புக் குழாய் தடுப்புகளுக்குள் வரிசை மடங்கி மடங்கிப் போனது, தகரக் கூரை பாதிக்கு மேல் இல்லை, மே மாத வெயில் மிச்சப் பாதியில் நின்றவர்கள் தலையில் இறங்கியது. பக்கவாட்டுக் கேட்டில் மஞ்சள் பனியன் போட்ட இளைஞன் ஒருவன் வாக்கிடாக்கியோடு நின்றிருந்தான். குணா அவனை நெருங்கும்போதே குரலை இளக்கிக்கொண்டான், அந்தக் குரலை அரசிக்கு இப்போது மனப்பாடமாகத் தெரியும். "எத்தனை பேர் சார். மேடம் ஏறுவாங்களா." "இல்லங்க, நாங்க மூணு பேர்தான். அவங்க இங்கயே இருப்பாங்க. அவங்களால சுத்தமா..." அரசி, "நிரஞ்சனா, இதெல்லாம் வாங்கிக்கோ" என்றாள். வகுப்பில் ரெக்கார்டு நோட்டை அடுக்கச் சொல்கிற குரல் அது. அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டினாள். போன்கள், வாட்சுகள், சாவி, பாட்டில், ஒவ்வொன்றாகக் கொடுத்தாள், குணாவின் போனைத் திருப்பித் திரை தெரியும்படி மேலே வைத்தாள். மடி காலியானது. கால் வைக்கும் தட்டுகளை வலது பாதத்தால் ஒதுக்கினாள். இடது காலைக் கையால் தூக்கி முன்னால் நீட்டினாள். முட்டியருகே இரும்பு வளையங்கள் டக்கென்று கீழே விழுந்து பூட்டின, அந்தச் சத்தத்தை உலகத்தில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. நாற்காலியின் கைகளை அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு தள்ளு. கைத்தடி இல்லை. வலது தொடை நடுங்கியது, மடங்கிவிடுமோ என்று பயந்தாள், மடங்கவில்லை. இரண்டு எட்டில் தடுப்புக் குழாய் இருந்தது. இடுப்பைத் தூக்கி வீசினாள், ஒன்று. வீசினாள், இரண்டு. குழாயைப் பிடித்துவிட்டாள். வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. "நடக்க முடியும்" என்று அந்த இளைஞனிடம் சொன்னாள். "கொஞ்சம் மெதுவா."

வரிசையில் நின்றிருந்த ஒருவர், தோளில் துண்டு போட்டவர், "நல்லாத்தானே நிக்கிறாங்க. இதுக்கு எதுக்கு வண்டி. நாம என்ன கேனையனா வெயில்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், இவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அவர் பக்கத்துப் பெண்மணி வாயைப் பொத்திச் சிரித்தாள். இதை அரசி யோசிக்கவில்லை. எழுந்து நின்றால் குணாவின் பொய் உடையும் என்றுதான் யோசித்தாள், உடைந்தால் அந்தச் சில்லு முதலில் தன் மேல்தான் விழும் என்று யோசிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக நிற்பதைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள், இன்றைக்குத்தான் முதல் தடவையாக நிற்பதைப் பார்த்து ஏமாற்றுக்காரி என்கிறார்கள். காலைக் காட்ட வேண்டுமா இவர்களுக்கு, பேண்ட்டை மேலே தூக்கி, பாருங்கள், இதுதான் சான்றிதழ் என்று. அவள் தூக்கவில்லை. மஞ்சள் பனியன் இளைஞன்தான் குழம்பிப்போய்க் கிட்டே வந்தான். அகலப் பேண்ட்டுக்குக் கீழே தெரிந்த உயரச் செருப்பையும் இரும்பையும் பார்த்துவிட்டான். "மேடம், காலிப்பரா. மாற்றுத்திறனாளி கார்டு இருக்கா உங்ககிட்ட." "இருக்கு." "அப்ப இந்த வழியாவே போலாம் மேடம். நடந்து வந்தாலே போதும். கூட நாலு பேர். வீல்சேர்லாம் கட்டாயம் இல்ல" என்றான். அவன் நல்ல பிள்ளை, ஆறுதலாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் இருட்டியது. போதும். உண்மையே போதுமாக இருந்திருக்கிறது. குணா யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவளையே கேட்டிருந்தால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர்களோடு அவளும் நடந்து வந்திருப்பாள், அவர்கள் ஆசைப்பட்டதும் கிடைத்திருக்கும். அவன் அவள் நடையை எதற்கும் விற்கவில்லை. சும்மா தூக்கி வீசியிருக்கிறான். "வேணாம் தம்பி" என்று அந்த இளைஞனிடம் சொன்னாள். "நான் வரிசைலயே வரேன்." "நாப்பது நிமிஷம் ஆகும் மேடம்." "ஒரு பீரியட்" என்றாள்.

வரிசையின் கடைசிக்குப் போகவே ஐந்து நிமிடம் ஆனது. குழாயை விட்டுவிடாமல், கைக்குத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, எல்லோரும் போகிற திசைக்கு எதிராகப் போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள். வெளியே சுகந்தி காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்தது வெட்கம். இது அவளுக்கும் முன்பே தெரியுமா என்று அரசி ஒரு கணம் பார்த்தாள், தெரியும், ஆனால் பிடிக்காமல் தெரியும், என்று அந்த முகம் சொன்னது. சுகந்தி உள்ளே வரவில்லை, நிரஞ்சனாவையும் வர விடவில்லை, கணவனின் முதுகில் கை வைத்து வரிசைப் பக்கம் தள்ளினாள். குணா குனிந்து தடுப்புக்கு அடியில் நுழைந்து அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றான். வரிசை நான்கு அடி நகர்ந்தது. அவள் இடுப்பை வீசிக் காலை எடுத்து வைத்தாள். வியர்வை காலிப்பரின் தோல் பட்டைக்குள் இறங்கியது, அங்கே இன்றிரவு சிவந்து போகும், நாளை கொப்பளிக்கும், கொப்பளிக்கட்டும். இவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவள் ஆறாம் வகுப்பு. ரயில்வே கேட்டைத் தாண்டி ஒன்றரை மைல். அம்மாதான் இவன் கையை அவள் கையில் கொடுத்தாள். இவன் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவான், அவனுக்கு அதுதான் உலகத்தில் எல்லோரும் நடக்கிற வேகம் என்ற நினைப்பு. நொண்டி என்று கூப்பிட்ட ஒரு தடியனின் கையைக் கடித்து ரத்தம் வரவைத்து, வாத்தியாரிடம் பிரம்படி வாங்கி, அழாமல் வந்து, "எங்க அக்கா நடக்கும்னு சொன்னேன்" என்றான். ஆறு வயதில் அதைச் சொன்ன வாய்தானே இது. இந்த ஞாபகம் எதற்கு இப்போது வருகிறது, கோபத்தைக் கரைக்கவா. கரையக் கூடாது. கடித்தவன் என்பதால்தான் கோபம். ராஜ்மோகன் அவன் மாமியாரை வைத்து ஒன்பது ராட்டினம் சுற்றட்டும், அவனோடு எனக்கு என்ன பேச்சு.

"அக்கா" என்றான் பின்னாலிருந்து. "தப்புதான். வெயில்ல ரெண்டு பேரையும் நிக்க வைக்க வேணாமேன்னு." அவள் திரும்பவில்லை. திரும்பினால் சமநிலை போய்விடும். "அவங்க ரெண்டு பேருக்கும் கால் நல்லா இருக்கு." "வாயில வந்திருச்சு அக்கா, சும்மா." "சும்மா வரல. டிபன் சாப்பிடறப்ப யோசிச்சு வந்தது." வரிசை நகர்ந்தது, முதல் வளைவு. மேலே மரக்கட்டைப் படகு ஒன்று உச்சியில் நின்று யோசித்துவிட்டுச் சரிந்தது, தண்ணீர் கூரை மேல் அடித்து ஓரமாக இவர்கள் மேலும் தெளித்தது. "உக்காந்ததும் சௌகரியமாத்தான் இருக்குன்னு காலைல நீயே சொன்னயே" என்றான், மெதுவாக, தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்தவனைப் போல. அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நிமிடத்தையும் நின்று முடித்திருப்பாள். வலது தொடைக்குள் ஒரு நரம்பு தனியாகத் துடித்தது, துடிப்பது வெளியே தெரியுமோ என்று குனிந்து பார்த்தாள். நான்கு மாதமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்தது தானாக மேலே வந்தது.

"ரெண்டு வருஷம் பொறுத்திருக்கலாம் இல்லடா" என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தா நீ பொய்யே சொல்லியிருக்க வேணாம்." "என்ன அக்கா சொல்ற." "தை மாசம் பாத்ரூம்ல விழுந்தேன். நரம்பு டாக்டர்கிட்ட போனேன். சின்ன வயசுல போலியோ வந்தவங்களுக்கு ஐம்பதுகிட்ட இப்படி ஆகுமாம். மிச்சம் இருக்கற நரம்பு ரெட்டை வேலை பாத்துப் பாத்துக் களைச்சுப் போகுமாம். நல்ல கால்தான் மொதல்ல போகுதாம். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. இப்பவே வீல்சேர் பழகிக்குங்க மேடம், பயப்பட ஒண்ணும் இல்லைன்னார்." பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னாள், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், தடுப்புக்கு எதிர்வரிசையில் வந்து நின்ற துண்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "யார் கூட போன" என்றான் குணா. எந்த டாக்டர் என்று கேட்கவில்லை, மருந்து என்ன என்று கேட்கவில்லை. "யார் கூடடா போவேன். தனியாத்தான். ட்ரெயின்ல." அவள் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வயது ஆள், காதோரம் நரைத்தவன், நனைந்த சட்டையோடு, வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு அழுதான். பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இதையும் நீயே எடுத்துக்கொள்கிறாயா. நான் அழாமல் வைத்திருந்ததை நீ அழுது தீர்ப்பாய், நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும், அதுவும் என் மடியிலா.

"அழாத" என்றாள். "வரிசை நகருது பாரு." முன்னால் ஆறடி காலியாகிவிட்டிருந்தது. பின்னால் நின்ற குடும்பம் பொறுமையாகத்தான் நின்றது, யாரும் இடிக்கவில்லை. அங்கே வளைவில் ஒரு குழாய் முடிந்து அடுத்த குழாய் தொடங்கும் வரைக்கும் மூன்று எட்டு தூரம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஈரத்தரை. அவள் அந்த மூன்று எட்டையும் பார்த்தாள். தொடை துடிப்பது நிற்கவில்லை, பயம் இப்போது ஒளிந்துகொள்ளவும் இல்லை, அவள் பக்கத்தில் வரிசையில் ஓர் ஆளாக நின்றது. குணா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவசரமாக அவள் முழங்கையைப் பிடித்தான். அவன் கை ஜில்லென்று இருந்தது. அவள் உதறினாள்.

"பிடிக்காத" என்றாள். "பின்னாடி நில்லு. விழுந்தா மட்டும் பிடி."

குழாயை விட்டாள்.